அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?

1992 ஜூன். திருச்சி பொன்மலைப் பக்கம் ஒரு சிறப்புப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். ஏழு வயதுப் பையன் ஒருவன் என் முன்கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்த இடத்தில் இரத்தம் கசிந்தது. சாயங்காலம் அவனை அழைத்துப்போக வந்த அம்மா, என் கையில் கட்டைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "நேத்து எதுத்த வீட்டுப் பாப்பாவைக் கடிச்சிட்டான் டீச்சர். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றார். இவனை நான் எங்கே கொண்டுபோய் வைக்கறது?"

அவனுடைய கோப்பில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதில் ஓர் ஐ.க்யூ. எண். அதன் கீழே 'மனவளர்ச்சி குன்றியவர், மிதமான நிலை' என்று ஒரு வரி. நான் ஓராண்டு டிப்ளமா முடித்திருந்தேன். பிள்ளை நல்லது செய்தால் பிஸ்கட் கொடு, கெட்டது செய்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான்கு வாரம் அப்படியே செய்தேன். கடிப்பது குறையவேயில்லை.

வழி காட்டியவர் பள்ளி ஆயா. பதினைந்து வருடமாக அங்கே பெருக்கிக் கூட்டி, பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டுக் கொண்டிருந்தவர். ஒருநாள் என் கைக்கு மஞ்சள் தடவிவிட்டபடியே சொன்னார்: "இவன் சும்மா கடிக்கறதில்ல டீச்சர். மணி அடிக்கற நேரத்துலதான் கடிக்கறான்." எங்கள் பள்ளி மணி ஒரு தண்டவாளத் துண்டு. வராந்தாவில் கம்பியில் தொங்கும். இரும்புக் கழியால் அதை அடித்தால் ரயில்வே காலனி முழுக்கக் கேட்கும். அந்தப் பையன் உட்காரும் இடம் மணிக்கு நேரே உள்ள ஜன்னலோரம்.

அன்று மாலை ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மூன்று கட்டம் போட்டேன். முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பிறகு என்ன நடந்தது. பத்து நாளில் பதினேழு கடி. அவற்றில் பதிமூன்று, மணி அடிப்பதற்குச் சற்று முன்போ பின்போ. கடிகார முள் தெரியாத பிள்ளை, மணி வரப்போவதை எப்படியோ உணர்ந்து, பயந்து, கிட்டே இருப்பவரைக் கடித்திருக்கிறான். இடத்தைக் கடைசி அறைக்கு மாற்றினோம். மணிக்கு முன்னால் மணியின் படத்தைக் காட்டிக் காதைப் பொத்திக்கொள்ளப் பழக்கினோம். மூன்று மாதம் கழித்து இரும்புக் கழியை அவன் கையிலேயே கொடுத்தோம். தானே அடிக்கும் மணி அவனைப் பயமுறுத்தவில்லை. அந்தப் பள்ளியில் அடுத்த நான்கு வருடம் மணி அடித்தவன் அவன்தான்.

கடி நின்றதும் பிள்ளை குணமாகிவிட்டான் என்று அவன் அம்மா நினைத்தார். நானும் கொஞ்சம் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவனுக்குப் பேச்சு இல்லை. இரண்டு நிமிடம் ஓரிடத்தில் உட்கார மாட்டான். இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாளித் தண்ணீரைக் கொட்டி விளையாடுவான். சத்தம் தாங்காத காதும், நிலைகொள்ளாத கால்களும், வராத பேச்சும், தூங்காத இரவும் ஒரே உடம்பில் இருந்தன. ஒன்றைச் சரிசெய்த பிறகுதான் மற்றது கண்ணுக்குத் தெரிந்தது. இந்தத் தொழிலின் முதல் பாடத்தை அவனிடம்தான் கற்றேன்.

அந்தக் காலத்தில் எங்களிடம் இருந்த பெயர்களே குறைவு. ஊருக்குள் 'ஊமை', 'மூளை வளராதது' என்பார்கள். மருத்துவச் சீட்டில் 'எம்.ஆர்.', அதாவது மனவளர்ச்சிக் குறை, என்று இருக்கும். லியோ கேனர் 1943இலேயே பதினொரு பிள்ளைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்துக்கு உருவம் கொடுத்திருந்தார். அந்தச் சொல் ஒரு சீட்டில் எழுதப்பட்டு என் கைக்கு வந்தபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

1998 என்று நினைவு. துறையூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மஞ்சப்பையிலிருந்து மூன்று கோப்புகளை எடுத்து என் மேசையில் வைத்தார். மூன்று ஊர், மூன்று டாக்டர்கள். ஒருவர் ஆட்டிசம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துடிப்பும். மூன்றாமவர் மனவளர்ச்சிக் குறை. பையனுக்கு ஆறு வயது. கோப்புகளை எண்ணுவதுபோல் ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டிவிட்டு, "இதுல எது டீச்சர் நெசம்?" என்று கேட்டார்.

"ஆட்டிசம்தாங்கய்யா. மத்ததெல்லாம் அதோட சேர்ந்து வர்றது" என்றேன். நான் படித்த பாடம் அப்படி. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1994இல் வெளியிட்ட கையேட்டின் விதிப்படி, ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் ஏடிஎச்டி என்று தனியாக எழுதக் கூடாது. ஓடுவதும் தாவுவதும் ஆட்டிசத்தின் பகுதி என்று கொள்ள வேண்டும். அதனால் அந்தப் பையனின் ஓட்டத்தை எல்லாம் நாங்கள் ஆட்டிசக் கணக்கிலேயே எழுதினோம். அவனுடைய கவனத்துக்கென்று தனியாக எதுவும் செய்யவில்லை. 2013இல் வந்த ஐந்தாவது பதிப்பு அந்தத் தடையை எடுத்துவிட்டது. இரண்டும் ஒரே பிள்ளைக்கு இருக்கலாம், இரண்டையும் எழுதலாம் என்றது. அப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. பள்ளிப் பருவம் முழுதும் போயிருந்தது.

அவனைப் பற்றிய என் பழைய நோட்டுகளை 2013இல் எடுத்துத் திரும்பப் படித்தேன். காலையில் அவன் எழுந்து ஓடுவது சுழலும் மின்விசிறியைப் பார்க்க. அது ஆட்டிசத்தின் ஈர்ப்பு. பதினோரு மணிக்கு மேல் ஓடுவதற்குப் போகுமிடமே கிடையாது. வாசல்வரை போய்த் திரும்பி வருவான். அது கால்களை நிறுத்த முடியாத ஓட்டம். "எல்லாரும் புக்கை எடுத்து மூணாம் பக்கம் திருப்புங்க" என்று நான் சொன்னதும் ஓடியிருக்கிறான். அத்தனை சொற்கள் அவனுக்குப் புரியவில்லை. பார்க்கிறவருக்கு மூன்றும் ஒரே ஓட்டம். செய்ய வேண்டியதோ மூன்று வேறு வேலை. முதல் ஓட்டத்துக்கு மின்விசிறி பார்க்க ஒரு நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டாவதற்கு வேலையைச் சிறிது சிறிதாக நறுக்கி இடையிடையே நடக்கவிட வேண்டும். மூன்றாவதற்கு என் வாக்கியத்தைச் சுருக்க வேண்டும். விவசாயி கேட்ட கேள்விக்கு இன்று பதில் சொல்வதானால், "மூணும் நெசம்தாங்கய்யா, நேரத்துக்கு ஒண்ணு முன்னால நிக்குது" என்பேன்.

ஸ்வீடனைச் சேர்ந்த குழந்தை உளமருத்துவர் கிறிஸ்டோபர் கில்பெர்க் 2010இல் ஒரு கட்டுரை எழுதினார். பேச்சு, கவனம், நடத்தை, தூக்கம், உடலியக்கம் என எதில் தடுமாற்றத்தோடு ஒரு சின்னப் பிள்ளை வந்தாலும், ஒரு பெயரைக் கொடுத்துக் கதவை மூடாதீர்கள். இவை தனியாக வருவது அபூர்வம், எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள் என்பது அதன் சாரம். எங்கள் ஆயா மஞ்சள் தடவியபடி காட்டிய வழியும் இதற்குத் தூரமில்லை.

பெயர் தெரியாததால் நேரும் கெடுதல் ஒருவகை. பெயர் தெரிந்துவிட்டது என்ற நிம்மதியால் நேரும் கெடுதல் இன்னொரு வகை. இரண்டாவதற்கு நானே காரணமாயிருந்திருக்கிறேன்.

2003இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன். ஆட்டிசம் என்று உறுதியாகத் தெரிந்த பிள்ளை. நான்கைந்து சொல்தான் பேசுவான். திடீரென்று தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள ஆரம்பித்தான். 'கவனத்தை ஈர்க்கச் செய்கிறான், பார்க்காமல் இருங்கள்' என்று அம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா ஒருநாள் தயங்கித் தயங்கி, "சோத்தை ஒரு பக்கமாவே மெல்லறான் டீச்சர்" என்றார். நான் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்துக் கன்னம் வீங்கியது. கடைவாய்ப் பல்லில் சொத்தை. உள்ளே சீழ் கட்டியிருந்தது. பல்லைப் பிடுங்கிய மூன்றாம் நாள் அறைவது நின்றது. வலிக்கிறது என்று சொல்ல வாயில்லாத பிள்ளை, வலிக்கும் இடத்தை அடித்துக் காட்டியிருக்கிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

அந்த மூன்று வாரத்தை நான் மறக்கவில்லை. அதன் பிறகு எந்தப் பிள்ளை புதிதாக அடித்தாலும் கடித்தாலும் கத்தினாலும் முதலில் உடம்பைப் பார்க்கிறோம். காது, பல், வயிறு, தூக்கம். மலச்சிக்கலால் மட்டும் முரடாகிப்போன பிள்ளைகள் எத்தனை பேர்! நாலு நாள் வெளிக்குப் போகாத பிள்ளை ஐந்தாம் நாள் பக்கத்துப் பிள்ளையைத் தள்ளிவிடும். காதில் சீழ் வந்து கேள்வி மங்கிய பிள்ளை 'சொன்ன பேச்சு கேக்காத' பிள்ளையாகிவிடும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கும் பல் வலிக்கும். இதை ஒரு பாடமாக எழுதி வைக்க வேண்டியிருந்தது என்பதே எங்களுக்கு வருத்தம்தான்.

இன்னொரு பாடத்தைக் கற்றுக்கொடுத்தது எட்டு வயதுப் பெண் குழந்தை. லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. சர்வ சிக்ஷா அபியான் வந்த பிறகு வட்டார வள மையங்களுக்குச் சிறப்பாசிரியர்கள் தேவைப்பட்டார்கள். நானும் சில வருடம் பள்ளி பள்ளியாகப் போனேன். அந்தப் பெண்ணைப் பற்றி வகுப்பாசிரியை சொன்னது: "கனா காண்ற பொண்ணு மேடம். கேள்வி கேட்டா முழிக்கும். படிக்கச் சொன்னா புக்கைக் கிழிக்கும். அடம் ஜாஸ்தி."

பேச்சுப் பயிற்சிக்காகக் காகிதக் காற்றாடி செய்து ஊதச் சொன்னேன். ஊதிக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். கண் ஒரே இடத்தில் குத்தியிருந்தது. இமை படபடத்தது. பத்து எண்ணுவதற்குள் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஊதினாள். இன்னொரு முறை வேகமாக ஊதச் சொன்னேன், மறுபடி அதே. எனக்கு உடம்பு சிலிர்த்தது. கீழே விழாமல், கை கால் வெட்டாமல், சில நொடி மட்டும் நினைவு அறுந்துபோகும் வலிப்பு ஒன்று உண்டு. வேகமாக மூச்சுவிட்டால் அது கிளம்பும். நரம்பியல் மருத்துவர் இ.இ.ஜி. எடுத்து உறுதி செய்தார். ஒரு நாளில் பலமுறை அவளுக்குப் பாடம் நடுவில் அறுந்திருக்கிறது. ஆசிரியை 'ஐந்து பத்து ஐம்பது' என்று சொல்லும்போது 'ஐந்து' மட்டும் இவளுக்குக் கேட்டிருக்கும்.

மாத்திரையில் வலிப்பு அடங்கியது. கனவு காண்பது நின்றது. புத்தகத்தைக் கிழிப்பது நிற்கவில்லை. மறுபடி நோட்டு. முன்னால் என்ன நடந்தது? ஒவ்வொரு முறையும் முன்னால் நடந்தது ஒன்றுதான்: எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னது. கணக்கு நேரத்தில் அவள் எதையும் கிழித்ததில்லை.

அவளுக்கு எழுத்தில் சிக்கல் இருந்தது. ஆங்கிலத்தில்தான் டிஸ்லெக்சியா வரும், தமிழ் எழுதுவதுபோலப் படிக்கும் மொழி, இங்கே வராது என்று சொல்லும் ஆசிரியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழுக்கே உரிய பொறிகள் இருக்கின்றன. 'கெ' என்ற எழுத்தில் க் முதலில் ஒலிக்கிறது, எ பிறகு. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது. 'கொ' என்றால் முன்னால் கொம்பு, பின்னால் கால். நடுவில் எழுத்து மாட்டிக்கொள்கிறது. காது கேட்கும் வரிசையும் கண் பார்க்கும் வரிசையும் வேறு. பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தாண்டிவிடுவார்கள். இவளைப் போன்ற பிள்ளை ககரத்தை எழுதிவிட்டுக் கொம்பை அதற்குப் பின்னால் கொண்டுபோய் வைக்கும். ல, ள, ழ மூன்றும், ன, ண இரண்டும், குறிலும் நெடிலும் அவள் நோட்டில் இடம் மாறி மாறிக் கிடந்தன. 247 எழுத்தையும் அட்டவணையாக ஒப்பிக்கச் சொன்னால் பாட்டாகச் சொல்வாள். நடுவில் ஓர் எழுத்தைச் சுட்டினால் தெரியாது.

ஈர மணலில் விரலால் எழுதவைத்தோம். கொம்புக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம். அட்டையில் வெட்டிய துண்டுகளை முன்னும் பின்னும் நகர்த்தி வைத்தோம். எல்லாவற்றுக்கும் முன்னால் வகுப்பாசிரியையிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: "நாற்பது பேர் முன்னால் எழுப்பிப் படிக்கச் சொல்லாதீங்க மேடம். என்கிட்ட தனியா படிக்கட்டும்." அந்த வாரமே கிழிப்பது நின்றது. அவளுடைய அடம் அடமே இல்லை, வெட்கம். வலிப்பு, எழுத்துச் சிக்கல், வெட்கம் மூன்றும் அவளிடம் அடுக்கடுக்காக இருந்தன. மேல் அடுக்கை மட்டும் பார்த்த ஊர் அவளை 'அடங்காப்பிடாரி' என்றது. ஆறாம் வகுப்பு முடிவதற்குள் அவள் மெதுவாக, விரல் வைத்து, பஸ் பலகை படித்தாள்.

பிள்ளைகளோடு வேலை செய்கிறோம் என்பார்கள். எங்கள் வேலையில் பாதி அவர்களுடைய அம்மாக்களோடுதான். அம்மாக்களின் கழுத்தில் குற்றத்தை மாட்டுவது எல்லா நாட்டிலும் நடந்திருக்கிறது. தாய் அன்பு காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு மூன்று வருடம் முன்பே, ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற பெர்னார்ட் ரிம்லாண்ட், இது மூளை வளர்ச்சி சார்ந்தது என்று எழுதியிருந்தார். என் மேசைக்கு எதிரே உட்கார்ந்த பெண்கள் இந்த இரண்டு பேரையும் கேள்விப்பட்டதில்லை. 'கிரகணத்துல வெளியே போனே', 'வேலைக்குப் போறேன்னு பிள்ளையை விட்டுட்டே', 'செல்லம் குடுத்துக் கெடுத்தே' என்ற தீர்ப்புகள் மாமியார் வாயிலிருந்தும் நாத்தனார் வாயிலிருந்தும் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தன.

பாட்டிகள் சொல்லும் ஒரு வார்த்தையை முப்பது வருடமாகக் கேட்கிறேன்: "குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலை. திருச்செந்தூருக்குப் போனதும் பேசினார். ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." ஆரம்பத்தில் நான் இதோடு சண்டை போட்டேன். சண்டை போட்ட குடும்பங்கள் திரும்பி வரவில்லை. பிறகு பழகிக்கொண்டேன். "கண்டிப்பா திருச்செந்தூருக்குப் போயிட்டு வாங்க பாட்டி. போறதுக்கு முன்னாடி காது மட்டும் டெஸ்ட் பண்ணிருவோம்" என்பேன். குணசீலம் கோயிலுக்குப் போகிறவர்களும் தாயத்துக் கட்டுகிறவர்களும் இப்படியே எங்களிடம் நிலைத்தார்கள். வைத்தியத்தை நிறுத்தாதவரை நம்பிக்கையை நான் தடுத்ததில்லை. பிள்ளைக்குச் சூடு வைத்தால், கட்டிப்போட்டால், அங்கே கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.

பெரிய பிள்ளைகளின் கதை வேறு. 2011இல் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனை அவன் அப்பா பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிவந்தார். டி.சி. வாங்கிக்கொண்டு போகும்படி பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆசிரியரைக் கெட்ட வார்த்தை பேசியிருக்கிறான், பெஞ்சை உடைத்திருக்கிறான். 'ரவுடி' என்று பெயர் எடுத்துவிட்டான். அவனோடு பேசியதில் தெரிந்தது: ஒன்றாம் வகுப்பிலிருந்தே உட்கார முடியாத பிள்ளை. ஒரு நாளைக்குப் பத்துத் திட்டு என்று வைத்தால்கூட ஒன்பது வருடத்தில் எத்தனை ஆயிரம்? அதைக் கேட்டு வளர்ந்தவன் ஒரு கட்டத்தில், திட்டு வருவதற்கு முன்னால் தானே முந்திக்கொள்ளக் கற்றிருந்தான். மறுத்துப் பேசும் குணத்துக்கு மருத்துவத்தில் தனிப் பெயர் உண்டு. அதற்கும் அடியில் பயம் இருந்தது. பரீட்சைக்கு முந்தின இரவு வாந்தி எடுப்பான் என்று அப்பாவுக்கே அன்றுதான் தெரிந்தது.

உளமருத்துவர் ஏடிஎச்டிக்கு மெத்தில்பெனிடேட் எழுதிக்கொடுத்தார். "மூளை மாத்திரை போட்டா அடிமையாயிருவான்னு சொல்றாங்க டீச்சர்" என்றார் அப்பா. மருந்தைப் பற்றி முடிவு செய்வது என் வேலை இல்லை. பயத்தை டாக்டரிடமே கேட்கச் சொன்னேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், எடையைப் பார்த்துக்கொண்டே வருவோம் என்றார். மாத்திரை அவனைச் சிறிது நேரம் உட்காரவைத்தது. உட்கார்ந்தவனுக்கு என்ன கொடுப்பது என்பது எங்கள் பாடு. முதல் பெஞ்ச், ஜன்னலிலிருந்து தள்ளி. ஒரு முறைக்கு ஒரே கட்டளை. அரை மணிக்கு ஒருதரம் எழுந்து போக ஒரு வேலை: நோட்டுகளைக் கொடுப்பது, சாக்பீஸ் வாங்கி வருவது. கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் சம்மதித்தார். அவர் ஒருவர் போதுமாயிருந்தது. இன்று அந்தப் பையன் கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். நாள் முழுக்க நின்று, நடந்து, கையால் செய்கிற வேலை.

சட்டத்தில் நடந்த மாற்றங்களையும் எங்கள் கண்ணெதிரே பார்த்தோம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் பட்டியல் இருபத்தொன்றாயிற்று. ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் உள்ளே வந்தன. ஏடிஎச்டி இன்றும் அந்தப் பட்டியலில் கிடையாது. பல சிக்கல் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்கப் போனால் எந்தக் கட்டத்தில் அடக்குவது என்ற திண்டாட்டம் இதனால்தான்.

ஆட்டிசத்தை அளக்க நம் நாட்டிலேயே உருவான அளவுகோலில் நாற்பது கேள்விகள். எழுபது மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. முகாம் நாளில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்ற பிள்ளை களைத்துப்போய் அம்மா மடியில் கிடக்கும். அளப்பவர் பார்த்து, "அமைதியாத்தானே இருக்கான்?" என்பார். அல்லது ஓயாமல் கத்தும். இரண்டும் அவனுடைய சாதாரண நாள் இல்லை. அதனால் வீட்டில் அம்மாக்கள் எழுதிய ஆறு மாத நோட்டைக் கையோடு எடுத்துப்போகச் சொல்வேன். பொறுமையாக அதைப் புரட்டிப் பார்த்த மருத்துவர்கள் நிறையப் பேர். பத்தாம் வகுப்புத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு என்று கிடைக்கும் சலுகைகளுக்கும் அந்தச் சான்றிதழ்தான் சாவி.

இப்போது பிள்ளைகள் சீக்கிரம் வருகிறார்கள். முன்பு ஏழு வயதில் வந்தவர்கள் இன்று இரண்டு வயதில் வருகிறார்கள். 2007இல் வந்த ஓர் இந்திப் படமும், 2013இல் வந்த 'ஹரிதாஸ்' படமும் நாங்கள் பத்து வருடம் சொன்னதை ஒரே மாலையில் வீடுகளுக்குச் சொல்லின. மாவட்ட மருத்துவமனைகளில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் வந்துவிட்டன. பேசாத பிள்ளை படத்தைத் தொட்டால் குரல் கொடுக்கும் செயலி சென்னையிலேயே உருவாகி, டேப்லெட்டில் வருகிறது. இதெல்லாம் எனக்கு மனநிறைவு.

கவலையும் உண்டு. தெருவுக்கு ஒரு தெரபி சென்டர். சென்ற வருடம் மூன்று வயதுப் பிள்ளை ஒன்று வந்தது. காலையில் ஸ்பீச், பிறகு ஓ.டி. என்ற செயல்வழிப் பயிற்சி, மதியம் நடத்தைப் பயிற்சி, மாலையில் இன்னொன்று. அம்மா நகையை அடகு வைத்திருந்தார். "இவன் எப்ப விளையாடறான்?" என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை. நான்கு இடத்திலும் நான்கு பேர் பிள்ளையின் நான்கு துண்டைப் பார்த்தார்கள். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியதேயில்லை. இரண்டைக் குறைத்தோம். மீதி இரண்டு பேருக்கும் ஒரே நோட்டு; இருவரும் அதிலேயே எழுத வேண்டும். ஸ்பீச்சில் கற்ற 'தா' என்ற சொல்லை வீட்டில் முறுக்கு கேட்கவும் பயன்படுத்தினான். முழுக் குணம் என்று வாக்குக் கொடுத்து லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களும் பெருகிவிட்டார்கள். முழுக் குணம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள் என்பதே நான் பெற்றோருக்குச் சொல்லும் ஒரே உறுதியான வார்த்தை.

2020 ஊரடங்கில் மையங்கள் மூடின. பள்ளி வேன் வரும் சத்தத்தை வைத்து நாளைத் தொடங்கும் பிள்ளைகளுக்கு நாளே தொடங்கவில்லை. பல வீடுகளில் இரவும் பகலும் கத்தல். வாட்ஸாப்பில் அம்மாக்கள் அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் படித்துப் படித்துப் பதில் சொன்னேன். காலை எட்டரைக்குச் சீருடை போட்டு, பையை மாட்டி, வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதே வாசல் வழியாக உள்ளே வந்து உட்காரவைக்கச் சொன்னேன். சில வீடுகளில் அது வேலை செய்தது. மற்ற வீடுகளில் வேறு எதையோ அவர்களே கண்டுபிடித்தார்கள். நோட்டு எழுதிப் பழகிய அம்மாக்கள் நான் இல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

மணியடித்த பையனுக்கு இப்போது நாற்பது வயது. இன்றுவரை பேச்சு வரவில்லை. படங்கள் கோத்த வளையத்தை இடுப்பில் மாட்டியிருப்பான். ஓட்டம் முப்பது வயதுக்கு மேல் அடங்கியது. தெருவில் நான்கு வீட்டுக்குக் குடிநீர் பிடித்துக் கொடுப்பான். தண்ணீரைக் கொட்டி விளையாடியவனுக்கு நாங்கள் தேடிய வேலை அது. "எனக்கப்புறம் இவன் என்ன ஆவான் டீச்சர்?" என்று அவன் அம்மா வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு வழியாகச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்கலாம் என்று சொல்லி, கரூரில் இருக்கும் அவன் தங்கையின் பெயரில் அதைச் செய்து முடித்தோம். தாள் கிடைத்த பிறகும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. தாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது என்று அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மா காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து தங்கை அவனைக் கரூருக்கு அழைத்துப்போனாள். கூடவே ஒரு தகரப் பெட்டியும் போயிற்று. உள்ளே நாற்பது பக்க நோட்டுகள், 1992லிருந்து, நூல் போட்டுக் கட்டியவை. முதல் மூன்று என் கையெழுத்து. மற்றதெல்லாம் எட்டாம் வகுப்புவரை படித்த அவன் அம்மாவின் கையெழுத்து.

ஒரு மாதம் கழித்துத் தங்கை போன் செய்தாள். அண்ணன் முதல் வாரம் சாப்பிடவில்லையாம். இரவில் சுவரில் முட்டிக்கொண்டானாம்.

"நான் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன் டீச்சர். தொண்ணூத்தெட்டுல நாங்க வீடு மாறினப்பவும் இப்படித்தான் இருந்திருக்கான். அப்ப அம்மா பழைய வீட்டு மணைப்பலகையை எடுத்துட்டு வந்து அதுல உக்காரவச்சுச் சோறு போட்டிருக்கு. உங்க மாப்பிள்ளையை அனுப்பி மணையை எடுத்துட்டு வரச் சொன்னேன். அதுல உக்காந்து சாப்பிட்டான். பல்லு, காது எல்லாம் காட்டியாச்சு. இன்னும் தூக்கம் சரியில்ல. புது நோட்டு போட்டிருக்கேன்."

"முன்னாடி என்ன நடக்குதுன்னு எழுதறியாம்மா?"

"எழுதறேன் டீச்சர். விளக்கை அணைச்சதும்தான் ஆரம்பிக்குது. இன்னிக்கு ராத்திரி அணைக்காம விட்டுப் பாக்கறேன்."